முதலில் கறை, பிறகு கோடு: கிராஃபிக் நாவல் பக்கத்தைப் பென்சில் வரைவு இல்லாமல் தீட்டும் முறை

கிராஃபிக் நாவல் வரைய ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் சொல்லித் தரப்படுகிறது. கதையை எழுது, பக்கங்களாகப் பிரி, பென்சிலில் துல்லியமாக வரை, மை போடு, கடைசியில் வண்ணம் தீட்டு. நல்ல வழிதான். ஆனால் இதில் வண்ணம் வந்து சேரும்போது எல்லாமே முடிவாகியிருக்கும். கோடுகளுக்குள் நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்காது. பென்சில் வரைவில் துடித்துக்கொண்டிருந்த ஒரு முகம், வண்ணம் பூசி முடித்ததும் மெழுகு பொம்மைபோல் உறைந்துவிடுவதைப் பல பக்கங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இப்போது நான் தலைகீழாகச் செய்கிறேன். வெற்றுத் தாளில் முதலில் வண்ணத்தை ஓடவிடுகிறேன். அது காய்ந்த பிறகு அதற்குள் உருவங்களைத் தேடுகிறேன். கிடைத்ததை மட்டும் மையால் உறுதிப்படுத்துகிறேன்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. கறை படிந்த சுவர்களை உற்றுப் பாருங்கள், மலைகளும் போர்க்களங்களும் முகங்களும் தெரியும் என்று லியொனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சிகளை உருவாக்குவது பற்றி அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஓவியர் 1780-களில் இங்கிலாந்தில் ஒரு நூலே வெளியிட்டார். காமிக்ஸ் உலகத்திலும் இதற்கு உறவான வழக்கம் உண்டு: பிரெஞ்சு ஓவியர் மோபியஸ் 1970-களில், முழுக்கதையை முன்கூட்டி எழுதிக்கொள்ளாமல், இதழுக்குச் சில பக்கங்களாக ஒரு நீண்ட தொடரை வரைந்தார்.

ஆனால் சுவரில் மாட்டும் தனி ஓவியத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. முதல் பக்கத்தில் வந்த சிறுமி நூறாவது பக்கத்திலும் அதே சிறுமியாகத் தெரிய வேண்டும். எனவே எதை இறுக்கிப் பிடிப்பது, எதைத் தண்ணீரின் போக்கில் விடுவது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: பொருள்கள்

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். முழுக்கப் பருத்தி இழையால் ஆனது கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்து பள்ளம் விழும். வண்ணம் அந்தப் பள்ளங்களில் போய்த் தேங்கிவிட்டால், நீங்கள் பார்ப்பது வண்ணத்தின் ஓட்டத்தை அல்ல, தாளின் நெளிவைத்தான். ‘கோல்டு பிரஸ்’ என்ற சொரசொரப்பான வகையில் கறைகள் அழகாக விழும். ‘ஹாட் பிரஸ்’ என்ற வழவழப்பான வகையில் பேனா தடையின்றி ஓடும். தொடங்குகிறவர்களுக்கு முதல் வகையையே பரிந்துரைக்கிறேன், இந்த முறையின் உயிர் கறையில் இருப்பதால்.

வண்ணம் நான்கு போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர், குவினக்ரிடோன் வகையில் ஒரு சிவப்பு. பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கிப்போகும். மாதக்கணக்கில் வரையப்போகும் பக்கங்களுக்கு அது வேண்டாம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால், அளவுக்கு ஏற்பச் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை எல்லா நிழலும் கிடைத்துவிடும். அல்ட்ராமரினின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிப் புள்ளிபுள்ளியாகப் படியும். அந்தப் புள்ளிகளில்தான் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

இவற்றோடு ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை, 8 அல்லது 10-ஆம் எண் உருண்டைத் தூரிகை, 2-ஆம் எண்ணில் ஒரு சிறு தூரிகை, மாஸ்கிங் டேப், நீரில் கரையாத இந்தியன் இங்க், தொட்டு எழுதும் பேனா, வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்), இரண்டு குவளைத் தண்ணீர், ஒரு பழைய துணி. இந்தியன் இங்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பாதீர்கள். அதில் உள்ள அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.

படி 2: பக்கத்துக்கு ஒரு வாக்கியம்

தாளைத் தொடுவதற்கு முன், இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘சிறுமி இரவில் கரைக்கு வருகிறாள், அண்ணனின் படகு அங்கே இல்லை.’ இவ்வளவுதான். அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள், வானம் எப்படி இருக்கிறது என்று எதையும் எழுத வேண்டாம். அவற்றைத் தாள் சொல்லட்டும்.

வாக்கியமே இல்லாமல் தொடங்கினால் கறையில் ஆயிரம் உருவம் தெரியும், ஒன்றும் கதைக்கு உதவாது. வாக்கியம் ஐந்து வரியாக நீண்டால் கறையில் ஒன்றுமே தெரியாது. ஏற்கெனவே மனதில் இருக்கும் படத்தைத்தான் கண் தேடிக்கொண்டிருக்கும்.

படி 3: மாறக்கூடாதவற்றின் அட்டை

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறிய அட்டையில் தீட்டி வையுங்கள்: உடல் வடிவம், தலையின் வடிவம், ஒரு நிறம். என் சிறுமிக்கு ஒல்லியான முக்கோண உடல், காதுவரை வெட்டிய முடி, சிவப்புச் சால்வை. இந்த மூன்றும் இருந்தால் முகத்தையே வரையாவிட்டாலும் அவளை அடையாளம் தெரியும்.

நிறத்தின் கலவையையும் அந்த அட்டையிலேயே எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் சால்வையின் சிவப்பை நினைவை நம்பியே கலந்துகொண்டிருந்தேன். 12-ஆம் பக்கத்தில் செங்கல் நிறமாக இருந்தது 30-ஆம் பக்கத்தில் மாதுளை நிறமாகிவிட்டது. படித்துப் பார்த்த நண்பர், இது அவளுடைய தங்கையா என்று கேட்டார். பதினொரு பக்கங்களை மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று.

படி 4: கட்டங்களும் முதல் வாஷும் (தண்ணீர் கலந்த வண்ணப் பூச்சு)

தாளின் நான்கு ஓரங்களையும் ஒரு பலகையில் டேப்பால் ஒட்டுங்கள். பிறகு மெல்லிய டேப் பட்டைகளைக் கொண்டு பக்கத்தை மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். டேப்பின் விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் அடியில் கசியும். முதல் பத்துப் பக்கங்களுக்கு மூன்று கட்டங்களுக்கு மேல் போக வேண்டாம்.

இப்போது தட்டைத் தூரிகையால் பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரால் நனையுங்கள். கட்டம் கட்டமாக அல்ல, டேப்பின் மேலேயே ஒரே வீச்சில். இரண்டு வண்ணங்களை மட்டும் எடுத்து அங்கங்கே தொட்டுவிட்டு, பலகையைச் சாய்த்து ஓடவிடுங்கள். ஒரே ஓட்டம் மூன்று கட்டங்களையும் கடந்து போவதால் அந்தப் பக்கத்துக்கு ஒரே காற்று, ஒரே பொழுது தானாகவே அமைந்துவிடும். தனித்தனியாகத் தீட்டினால் இந்த ஒருமையைக் கொண்டுவர நெடுநேரம் போராட வேண்டியிருக்கும்.

வாட்டர்கலர் காயும்போது வெளிறும். எனவே ஈரத்தில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு அடர்த்தியாகப் போடுங்கள். உரையாடல் குமிழ் வரப்போகும் இடத்தை, பெரும்பாலும் கட்டத்தின் மேல் இடது பக்கத்தை, லேசாகவே விடுங்கள்.

தாளின் பளபளப்பு மறையத் தொடங்கும் நேரம் முக்கியமானது. அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது வண்ணத்தைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்க்கும். காலிஃபிளவர் விளிம்புபோல் ஒரு வட்டம் உருவாகும். வாட்டர்கலர் வகுப்புகளில் இதைப் பிழை என்பார்கள். நமக்கு இது கொடை. ஒரு கட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். புறங்கையைத் தாளில் வைத்தால் குளிர்ச்சி தெரிகிறதா? அப்படியென்றால் இன்னும் காயவில்லை.

படி 5: பார்ப்பது

கை வேலை செய்யாத இந்த நேரத்தில்தான் பக்கம் உருவாகிறது. தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள். சிறு விவரங்கள் மறைந்து இருளும் ஒளியும் மட்டும் தெரியும். பலகையை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். எதையும் வரையாதீர்கள். தெரிவதை ஒரு தனித்தாளில் சொற்களாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: படிக்கட்டு, பறவை, திரும்பிய தலை. குறைந்தது ஐந்து சொற்களாவது சேர வேண்டும், ஏனென்றால் முதலில் தெரிவது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிகிற மரமோ மேகமோதான்.

நான் மேலே சொன்ன படகுப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கட்டத்தில் கடல் வரவேண்டிய இடத்தில் ஒரு காலிஃபிளவர் விளிம்பு விழுந்திருந்தது. உள்ளே வெளிறிய நீலம், ஓரத்தில் அடர்ந்த கோடு. முதலில் பாறை என்று குறித்தேன். பலகையைத் தலைகீழாக்கி மறுபடி நேராக்கியபோது அது பாறையாக இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முதுகு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடம்வரை தெரிந்தது. அந்தக் கதையில் அவளுடைய அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது அவர் அவளுக்கு முன்பே கரைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடிப்போய் அவள் அவரை எழுப்பிச் சொல்லும் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டேன். ஒரு சொல்லும் இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் போய் அவள் உட்காருவதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

கண்ணில் பட்டதை எல்லாம் ஏற்க வேண்டுமா? படி 2-இல் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா வந்த பிறகும் அந்த வாக்கியம் அப்படியே நின்றது: அவள் வருகிறாள், படகு இல்லை. எனவே அவரை ஏற்றுக்கொண்டேன். அதே பக்கத்தின் முதல் கட்டத்தில் இறக்கை விரித்த ஒரு பறவையும் தெரிந்தது. மிக அழகான பறவை. ஆனால் பார்ப்பவர் சிறுமியை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார். மனமில்லாமல்தான் அதை நிழலில் மூடினேன்.

படி 6: உருவத்தை வெளியே எடுப்பது

இப்போதும் கோடு வேண்டாம். கண்டுபிடித்த உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியை அடுத்த வாஷால் இருட்டாக்குங்கள். அப்பாவின் முதுகை நான் வரையவே இல்லை. பின்னால் இருந்த கடலை இரண்டு முறை அடர்த்தியாக்கினேன், முதுகு தானாக முன்னால் வந்தது.

வெளிச்சம் தேவைப்படும் இடத்தில் ஈரத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் இதற்கு ஓரளவு இணங்கும். தாலோ நீலம் போன்றவை தாளில் ஊறிவிடும், எளிதில் வராது. அதனால்தான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்று வாஷுக்கு மேல் போனால் வண்ணம் சேறாகத் தொடங்கும். அந்த எல்லையை மதியுங்கள்.

கடைசியாக, அட்டையில் உள்ள கலவைப்படி சால்வையின் சிவப்பு. பக்கத்தில் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்த நிறம் இது ஒன்றுதான்.

படி 7: மை

தாள் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கோடு பூத்துவிடும். வெளிக்கோடு முழுவதையும் சுற்றி வரையும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வண்ணமே சொல்லிவிட்ட இடத்தில் கோடு தேவையில்லை. அப்பாவுக்கு நான் போட்டவை ஐந்து கோடுகள்: கழுத்து, ஒரு தோள், முழங்காலைப் பற்றிய விரல்களுக்கு மூன்று. சிறுமிக்கு முடியின் விளிம்பும் ஒரு கணுக்காலும்.

கண்ணின் ஒளி, நீரின் மினுக்கம் போன்றவற்றுக்கு வெள்ளை குவாஷைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாக வையுங்கள். இரண்டு மூன்று புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: குமிழ்கள், டேப், ஸ்கேன்

உரையாடலை அச்சில் வரும் எழுத்தளவின் விகிதத்திலேயே தனித்தாளில் எழுதி, குமிழ் வடிவில் வெட்டி, பக்கத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். இடமே கிடைக்கவில்லை என்றால் ஓவியத்தை மாற்றுவதற்கு முன் வசனத்தைக் குறையுங்கள். கறையிலிருந்து வந்த முகபாவம் வசனத்தின் பாதியை ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி, ஓவியத்திலிருந்து வெளிப்புறமாக, மிக மெதுவாக உரியுங்கள். அச்சளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தீட்டியிருந்தால் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் தாராளமாகப் போதும். சொரசொரப்பான தாளின் குழிகள் ஸ்கேனரின் ஒரு பக்க ஒளியில் நிழலாக விழுவதுண்டு. தாளை 180 பாகை திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டில் நன்றாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் பக்க எண், பயன்படுத்திய இரண்டு வண்ணங்கள், படி 2-இன் வாக்கியம் மூன்றையும் பென்சிலில் எழுதிவிட்டு, முந்தைய மூன்று பக்கங்களோடு வரிசையாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். சிவப்பு ஒன்றாக இருக்கிறதா? முக்கோணம் முக்கோணமாகவே இருக்கிறதா? இருந்தால் அடுத்த தாளை நனைக்கலாம்.