பள்ளி நடக்கும்போதே கட்டட வேலை: புதிய தலைமையாசிரியர்களுக்கான செய்முறை விளக்கம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் புது வகுப்பறை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் ஊருக்கே சந்தோஷம்தான். ஆனால் வேலை தொடங்கிய நாளிலிருந்து தலைமையாசிரியரின் தூக்கம் குறைந்துவிடும். ஒரு பக்கம் ஜல்லி லாரி, மறுபக்கம் காலை உணவுக்கு எட்டு மணிக்கே வந்துவிடும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவில் இருப்பது ஒரே கேட்.

கட்டுவது பொறியாளர், ஒப்பந்ததாரர் வேலை. பிள்ளைகளும் கட்டட வேலையும் எங்கேயும் எப்போதும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோர்கள் இருவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நமக்கு நாமே, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாக வரும் நன்கொடை என்று வழிகள் பல. எந்த வழி என்று தெரிந்தால்தான் யார் மேற்பார்வை, யாரிடம் புகார் சொல்வது, யார் அளவெடுத்துப் பில் போடுவார் என்பதெல்லாம் தெரியும். ஒன்றியப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரும் ஓவர்சியரும்தான். பணி ஆணை, மதிப்பீடு, வரைபடம் மூன்றுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். “உங்களுக்கு எதுக்கு டீச்சர்?” என்று யாராவது கேட்டால், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தச் சட்டமே அவர்களுக்குக் கொடுத்த வேலை.

2. வளாகத்தை ஒரு தாளில் வரையுங்கள்

அழகாக இருக்க வேண்டியதில்லை. கேட், வகுப்பறைகள், சத்துணவுக் கூடம், கழிப்பறை, குடிநீர்க் குழாய், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), கழிவுநீர்த் தொட்டி, மின் கம்பி, மரம் எல்லாம் இருந்தால் போதும். அதன்மேல் பிள்ளைகள் ஒரு நாளில் நடக்கும் வழியைப் பச்சையில் போடுங்கள்: கேட்டிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு, சாப்பிடும் இடத்துக்கு, கை கழுவும் குழாய்க்கு. லாரி வரும் வழி, மணலும் கம்பியும் இறக்கும் இடம், கலவை போடும் இடம், ஆட்கள் தண்ணீர் எடுக்கும் இடம் ஆகியவற்றைச் சிவப்பில் போடுங்கள். பச்சையும் சிவப்பும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிவு வேண்டும். வழியை மாற்ற முடியுமா? முடியாவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் மேஸ்திரியிடம் பேச வேண்டும். வாய்ச்சொல்லில் பேசியது ஆள் மாறியதும் போய்விடும்.

3. எந்த மாதம் எந்த வேலை

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்வரை உள்ள இடைவெளி பொன்னானது. இடிப்பது, வானம் (அடித்தளத்துக்கான குழி) தோண்டுவது, தளம் போடுவது போன்ற ஆபத்தும் சத்தமும் அதிகமான வேலைகளை அதற்குள் அடக்கப் பாருங்கள். பணி ஆணை தாமதமாகி ஜூலையில் வேலை தொடங்குவதும் நடக்கும். அப்போது சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை என்று கிடைக்கும் நாட்களை முன்கூட்டியே ஒப்பந்ததாரரிடம் எழுதிக் கொடுங்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்வது, மொட்டை மாடியில் தட்டு ஓடு பதிப்பது எல்லாம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடிந்தாக வேண்டும்.

மே மாத வேலையில் ஒரு சிக்கல், தண்ணீர். புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், பில்லரில் சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். வெயில் காலத்தில் இது குறைந்தது 10 நாள். இப்போது பரவலாக வரும் பிபிசி (PPC, சாம்பல் போன்றவை கலந்த போர்ட்லேண்ட்) சிமெண்ட் என்றால் 14 நாள் நல்லது. பள்ளி ஆழ்துளைக் கிணறு வற்றியிருந்தால் டேங்கர் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

4. தடுப்பு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தமிழ்நாட்டில் நாம் மறக்கக் கூடாத தேதிகள் இருக்கின்றன. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை இறந்தாள். கூரை, சுவர், மூடி என எல்லாமே பள்ளிக்கூடத்தில் தினமும் நம் கண்ணில் படுகிற சாதாரணப் பொருட்கள்.

கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுவதைத் தடுப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கயிறு தாண்டி விளையாடும் சாமான். தகரத் தட்டி அடித்து, பிள்ளை ஏற முடியாத உயரத்தில், அடியில் புகுந்துபோகச் சந்து இல்லாமல் இருக்க வேண்டும். பச்சை வலை தூசிக்கு மட்டும்தான் உதவும். தடுப்புக்குள் போகும் கதவுக்குப் பூட்டு, சாவி மேஸ்திரியிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று.

வானம் தோண்டிய குழியை மாலை வேலை முடியும்போது பலகையோ தகரமோ போட்டு மூடச் சொல்லுங்கள். மழை பெய்தால் அந்தக் குழி குளமாகிவிடும். சனி, ஞாயிறுகளில் ஊர்ப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாட வருவார்கள் என்பதை ஒப்பந்ததாரர் யோசிக்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய கழிவுநீர்த் தொட்டி மூடிமேல் லாரி ஏறாதபடி கல் நட்டுவிடுங்கள்.

முடிந்தால் சுற்றுச்சுவரில் வேலைக்கென்று தனி வழி திறந்துவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் லாரிக்கு நேரம் குறியுங்கள்: காலை 9.30க்குப் பிறகு, இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் கிடையாது, மாலை மணி அடித்து அரை மணி நேரம் வரை கிடையாது. லாரி பின்னால் வரும்போது ஓர் ஆள் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும்.

பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் தட்டி உடைக்க விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். விடுமுறை நாளில் நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, மூடிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

5. வகுப்புகளை எங்கே வைப்பது

எண்ணும் எழுத்தும் (அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான அரசுத் திட்டம்) வகுப்புகளில் ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காரும் பழக்கம் பல பள்ளிகளில் இருப்பதால் அறைகளைக் குறைத்துக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. சின்னப் பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்திலிருந்து தொலைவில் வையுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகள் கொஞ்சம் சத்தத்தைத் தாங்கும். டைல்ஸ் வெட்டும் மிஷினும் டிரில்லும் ஓடுவது மதிய உணவுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் காலையில் வாசிப்பும் கணக்கும் நடக்கும். வேலை நடக்கும் கட்டடத்தின் அடியில், சாரத்தின் அருகில், வராந்தாவின் ஓரத்தில் ஒரு நாள்கூட வகுப்பு வேண்டாம். இடம் பற்றாவிட்டால் ஊராட்சியின் சமுதாயக் கூடத்தைக் கேளுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு மாறுங்கள்.

கழிப்பறையை இடிப்பதென்றால் மாற்றுக் கழிப்பறை தயாராகித் தண்ணீர் வந்த பிறகே கடப்பாரை பட வேண்டும். ‘ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்’ என்ற பேச்சை நம்பினால் பெண் பிள்ளைகள் வாரக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்.

6. ஆட்கள்

கொத்தனார், சித்தாள், பெயிண்டர் என வருகிறவர்களின் பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை நகல் ஒரு நோட்டில் இருக்கட்டும். அவர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனிக் குடிநீர். பள்ளி நேரத்தில் தடுப்பைத் தாண்டி வர வேண்டுமென்றால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஆசிரியர் ஒருவர் துணையோடுதான் வர வேண்டும். பிள்ளைகளோடு தனியாகப் பேசுவதோ படம் எடுப்பதோ கூடாது என்பதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகளைச் செங்கல் எடுத்துக் கொடுக்கவோ பெஞ்சு தூக்கவோ அனுப்பாதீர்கள். ‘ஆளுக்கு ரெண்டு கல்லு’ என்று சேவையாகச் சொன்னாலும் அது வேலைதான்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்பவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், மணல் குவியலில் விளையாடிக்கொண்டு. பள்ளி கட்டுகிறவரின் பிள்ளை பள்ளிக்கு வெளியே நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆண்டின் எந்த மாதத்திலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பது தடையில்லை. பெற்றோரிடம் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாடும் கிடைக்கும்.

7. தினமும் பத்து நிமிடம்

காலையில் பிள்ளைகள் வருமுன் ஒரு சுற்று: தடுப்பு நிற்கிறதா, ஆணி சிதறிக் கிடக்கிறதா, கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஒயர் தண்ணீரில் கிடக்கிறதா. தற்காலிக மின் இணைப்புக்கு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) போட்டிருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். மாலையில் இன்னொரு சுற்று. பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஏதாவது தகராறு வந்தால் இந்த நோட்டுதான் பேசும்.

கட்டடத் தரத்தைச் சோதிப்பது பொறியாளரின் வேலை என்றாலும் சிலவற்றை நம் கண்ணே பார்த்துவிடும். கம்பி கட்டியதும், கான்கிரீட் போடுமுன், பொறியாளர் வந்து பார்த்தாரா? கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் (இடைவெளி விடும் சின்னக் கட்டை) இருக்கிறதா? கலவை கஞ்சி மாதிரி ஓடுகிறதா? சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) எப்போது பிரிக்கிறார்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. பிபிசி என்றால் இன்னும் கூடும். இருபதடி அகல வகுப்பறையில் ஒரு வாரத்தில் முட்டுகளைப் பிரிக்க ஆள் வந்து நின்றால் பொறியாளரை அழையுங்கள். பூச்சு வேலை மறைக்குமுன் கம்பி, குழாய், ஒயர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

8. வாங்கிக்கொள்ளும் நாள்

திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். மொட்டை மாடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மழைநீர்க் குழாய் அடைப்பில்லாமல் ஓடட்டும். பெயிண்ட் டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இல்லை என்ற குறிப்பு இருக்க வேண்டும். அந்த வரம்பு 2017 நவம்பரிலிருந்து கட்டாயம். வாடை போகும்வரை சன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, அதன்பிறகே பிள்ளைகளை உட்கார வையுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய பிறகே குடிக்கத் திறந்துவிட வேண்டும்.

பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் எட்டுகிறதா, உள்ளேயிருந்து தானே திறக்க முடிகிறதா? குழாய் திருக முடிகிறதா? படி உயரமாக இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் செங்குத்தாக இல்லாமல், கைப்பிடியோடு இருக்கிறதா? கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? குறைகளைப் பட்டியலிட்டு, தேதி போட்டு, ஒப்பந்ததாரருக்கும் பொறியாளருக்கும் கொடுங்கள். இறுதிப் பில் போடுமுன் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

மிச்சம் கிடக்கும் ஆணி, கம்பித்துண்டு, கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் அள்ளிய பிறகே தடுப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள். குழாயும் ஒயரும் எங்கே போகின்றன என்று குறித்த வரைபடத்தையும், நீங்கள் எடுத்த படங்களையும், தினசரி நோட்டையும் சொத்துப் பதிவேட்டோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போன பிறகு சுவரில் துளை போடப்போகும் எலக்ட்ரீஷியனுக்கு அது வேண்டியிருக்கும்.