14 நாள் சென்சார் 14 நாளும் ஓட வேண்டுமென்றால்

கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சாரின் பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கு அதன் அதிகபட்ச ஆயுள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது ஒன்பதாம் நாள் சட்டையைக் கழற்றும்போது கூடவே கழன்று வந்தால் வயிறு எரியும். பெரும்பாலும் அதற்கான தவறு, ஒட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடந்ததாகத்தான் இருக்கும்.

எது எத்தனை நாள் ஓடும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஃப்ரீஸ்டைல் லிப்ரே, லிப்ரே 2, லிப்ரே 3 மூன்றும் 14 நாள். பெயரில் 'பிளஸ்' சேர்ந்த லிப்ரே 2 பிளஸ், 3 பிளஸ் 15 நாள். டெக்ஸ்காம் ஜி6 10 நாள். அதன் மேல் பொருத்தும், எண்ணைப் போனுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மட்டும் மூன்று மாதம் வரும். ஜி7 10 நாள் ஓடி, மாற்றிக்கொள்ள இன்னும் 12 மணி நேரம் கொடுக்கும். மெட்ட்ரானிக் கார்டியன் 4 ஏழு நாள். வருடக் கணக்கில் பார்த்தால் 14 நாள் சென்சார் 26 வேண்டும், 10 நாள் சென்சார் 36 அல்லது 37. விலையை ஒப்பிடும்போது ஒரு சென்சாரின் விலையைப் பார்க்காமல் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

ஏன் ஒரு மாதம் ஓடக் கூடாது? லிப்ரேயில் தோலுக்குள் போவது சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள, மயிரிழை போன்ற மெல்லிய இழை. (ஊசி உள்ளே தங்குவதில்லை. அது வழிகாட்டிவிட்டு உடனே அப்ளிகேட்டருக்குள், அதாவது ஒட்டப் பயன்படுத்தும் கருவிக்குள், திரும்பிவிடும்.) இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். செல்களுக்கு இடையில் உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸோடு அது வினை புரியும்போது எழும் சிறு மின்னோட்டம்தான் திரையில் எண்ணாக வருகிறது. நாள் ஆக ஆக நொதியின் வீரியம் குறையும். இன்னொரு பக்கம், உடம்பு அந்த இழையை வேற்றுப்பொருளாகப் பார்த்து அதைச் சுற்றிப் புரதத்தையும் செல்களையும் படியவைக்கும். குளுக்கோஸ் இழையை வந்து சேர்வதே தாமதமாகும்.

இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு பெரியது என்பதற்கு எவர்சென்ஸ் 365 நல்ல உதாரணம். அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்ற இதை டாக்டர் மேல்கையின் தோலுக்கடியில் வைத்துவிடுவார். ஒரு வருடம் ஓடும். அதில் நொதி கிடையாது, ஒளிரும் வேதிப்பொருளை வைத்து அளக்கிறது. அதோடு, உடம்பின் எதிர்ப்பை அடக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் வளையமும் இருக்கிறது.

வாங்கும்போதே காலாவதி தேதியைப் பாருங்கள். வைக்கும் இடமும் முக்கியம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும், பெட்டியைப் பத்திரப்படுத்த அனுமதிக்கும் உச்ச வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள்தான். சித்திரை வெயிலில் நம் ஊர் அலமாரி அதைத் தாண்டிவிடும், நிறுத்திய கார் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஒட்டுவதற்கு முன் வெளியே எடுத்து, குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை காத்திருங்கள்.

இனி ஒட்டும் வேலை. மேல்கையின் பின்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சதை உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். தழும்பு, மச்சம், இன்சுலின் போட்டுக் கட்டிய இடம் வேண்டாம். இன்சுலின் போடும் இடத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். இடத்தை முடிவு செய்யும் முன் கையைத் தூக்கி, மடக்கி, தினமும் போடும் உடையைப் போட்டுப் பாருங்கள். ரவிக்கைக் கையின் விளிம்பு சரியாகச் சென்சார் மேல் வந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் கழற்றும்போது ஓரத்தை நெம்பிக்கொண்டே இருக்கும். விளிம்புக்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ தள்ளுங்கள். தோள்பை மாட்டும் பக்கத்தையும், படுக்கும்போது ஒருக்களிக்கும் பக்கத்தையும் தவிருங்கள்.

முடி அதிகமானால் மழித்துவிடுங்கள். சாதாரண சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். அது தானாகக் காய வேண்டும்; ஊதக் கூடாது. ஈரம் இருக்கும்போது ஒட்டிய பசை முதல் வியர்வையிலேயே விளிம்பைத் தூக்கும். அன்று உடம்பில் லோஷன், பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ளவர்கள் சென்சார் மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் அதை முடித்துக்கொண்டு, சீயக்காய் போட்டு எண்ணெய்ப்பிசுக்கு முழுக்கப் போகத் தேய்த்துவிடுங்கள். இடையில் தலைக்கு மட்டும் எண்ணெய் வைக்கலாம். தோளிலிருந்து வழிந்து சென்சாரின் ஓரத்துக்கு வந்த நல்லெண்ணெய் பசையை இளக்கிவிடும்.

லிப்ரே, லிப்ரே 2 பெட்டியில் இரண்டு பாகம் இருக்கும்: சென்சார் உள்ள டப்பா, ஊசி உள்ள அப்ளிகேட்டர். இரண்டிலும் ஒரே குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெட்டிகளின் பாகங்களைக் கலந்தால் எண்கள் தப்பாக வரும். டப்பாவின் மூடியை உரித்து, அப்ளிகேட்டரின் மூடியைத் திருகிக் கழற்றி, இரண்டிலும் உள்ள கருங்கோடுகளை நேர் வைத்து, மேஜை மேல் வைத்து அழுத்துங்கள். பிறகு கையில் வைத்து ஒரே அழுத்து. மெதுவாக வெளியே எடுத்து, ஓரத்தைச் சுற்றி விரலால் அரை நிமிடம் அழுத்திவிடுங்கள். நடுவில் உள்ள சிறு துளையில் ஒரு பொட்டு ரத்தம் தெரிவதுண்டு. நிற்காமல் கசிந்தால் கழற்றி, வேறு இடத்தில் புதிதாக ஒன்றை ஒட்டுங்கள்.

லிப்ரேயில் நாள் கணக்கு தொடங்குவது ஒட்டியபோது அல்ல, ரீடரிலோ (எண்ணைப் படித்துக் காட்டும் சிறு கருவி) போனிலோ 'ஸ்டார்ட்' கொடுத்த நேரத்தில். அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து முதல் எண் வரும். 336 மணி நேரம் ஆனதும் நின்றுவிடும். ஞாயிறு காலை 10 மணிக்குத் தொடங்கினால் இரண்டு வாரம் கழித்து ஞாயிறு காலை 10 மணிக்குத்தான் முடியும். ராத்திரி 11-க்குத் தொடங்கினால் அடுத்ததையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டிவரும். ஆகவே, வீட்டில் இருக்கும் ஒரு பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுபவமுள்ள பலர் முந்தைய மாலையே புதிய சென்சாரை ஒட்டிவிட்டு, பழையது முடிந்ததும் 'ஸ்டார்ட்' கொடுப்பார்கள். குத்திய காயம் ஆறும் முதல் 24 மணி நேரத்தில் எண்கள் தாறுமாறாக வருவதை இது குறைக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் இந்த வழி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜி7-இல் இது நடக்காது. ஒட்டியவுடன் கணக்கு தானே ஓடத் தொடங்கிவிடும்.

எப்படியானாலும், முதல் நாள் காட்டும் எண்ணை மட்டும் நம்பி இன்சுலின் அளவை மாற்றாதீர்கள். விரலில் குத்தி ஒத்துப்பாருங்கள். சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரையில் காட்டும் அம்புக்குறி மட்டமாக இருக்கும்போது, உதாரணமாகச் சாப்பாட்டுக்கு முன், ஒப்பிடுவதே சரி. சாப்பிட்ட அரை மணியில் ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். ரத்தத்தில் ஏறியது சென்சாருக்குத் தெரிய 5 முதல் 10 நிமிடம் பிந்தும்.

சென்சார் கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டுப் பிய்த்துப் போடுவதும் நடக்கிறது. ராத்திரி 2 மணிக்கு 55 என்று காட்டுகிறது. விரலில் குத்தினால் 110. அந்தக் கைமேல் படுத்திருந்தால் இப்படி வரும். அழுத்தத்தில் அந்த இடத்தின் நீரோட்டம் குறைந்துபோகிறது. திரும்பிப் படுங்கள், கொஞ்ச நேரத்தில் எண் ஏறிவிடும். ஆனால் குத்திப் பார்க்காமல் 'படுத்ததால்தான்' என்று முடிவு கட்டாதீர்கள். உண்மையிலேயே சுகர் இறங்கி லோ ஆகியிருக்கலாம். வைட்டமின் சி-யும் ஒரு காரணம். லிப்ரே, லிப்ரே 2 போட்டிருப்பவர்கள் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் சென்சார் கூட்டிக் காட்டும். சப்பிச் சாப்பிடும் 500 மி.கி. மாத்திரை இரண்டு போட்டாலே வரம்பு தாண்டிவிடும். டெக்ஸ்காமில் பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு 1 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஓரம் தூக்க ஆரம்பித்தால் அன்றே மேலே பிளாஸ்டர் ஒட்டுங்கள், நடுத்துளையை மட்டும் மூடாமல். குளிக்கலாம். லிப்ரேயைத் தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்துக்கு மேலும், அரை மணிக்கு மேலும் வைக்கக் கூடாது. துவட்டும்போது துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் சிவந்து அரித்துக் கொப்புளம் வந்தால் அது பசையின் ஒவ்வாமை. நாள் மிச்சம் இருக்கிறதே என்று பொறுக்க வேண்டாம், கழற்றிவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே அந்த மையத்தில் சொல்லிவிடுங்கள். பழைய மாடல்களைக் கழற்றியாக வேண்டும். ஸ்கேன் தேதி தெரிந்திருந்தால் அதற்கு மறுநாள் புதியதை ஒட்டுவதுபோல் கணக்குப் போடலாம்.

லிப்ரேயின் முதல் மாடலிலும் லிப்ரே 2-விலும் சென்சாரின் நினைவகம் 8 மணி நேரம்தான். முதல் மாடலில் ரீடரையோ போனையோ அருகில் கொண்டுபோகாமல் 10 மணி நேரம் விட்டால், முதல் 2 மணி நேரம் அழிந்துவிடும். படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை, பகலிலும் 8 மணி நேர இடைவெளி தாண்டாமல் பார்த்துவிடுங்கள். பாதியில் விழுந்துவிட்டாலும் எல்லாம் வீணில்லை. 14 நாளில் 70 சதவீதப் பதிவு இருந்தால் டாக்டர் அந்த அறிக்கையை நம்பிப் பார்க்கலாம் என்பது ஏற்கப்பட்ட அளவு. கிட்டத்தட்ட 10 நாள். நான்காம் நாள் விழுந்தால் கதை வேறு. தூக்கி எறியாமல் சென்சாரையும் பெட்டியையும் எடுத்துவைத்து, வரிசை எண்ணோடு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசுங்கள். குறைபாடு என்று தெரிந்தால் மாற்றித் தரும் வாய்ப்பு உண்டு.

முடிந்ததும் ஓரத்தைத் தூக்கி, மெதுவாக ஒரே இழுப்பாக உரியுங்கள். பசை மிச்சமிருந்தால் அப்போது தேங்காய் எண்ணெய் உதவும். அடுத்ததை மறு கையில் ஒட்டுங்கள். அப்ளிகேட்டருக்குள் ஊசி இருப்பதால் அதைக் குப்பைத்தொட்டியில் அப்படியே போடாதீர்கள். மூடியை மாட்டி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவக் கழிவில் கொடுத்துவிடுங்கள்.