மதம் பற்றிப் பொதுவில் எழுதும் முன்

மதத்தை விமர்சிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு நமக்குத் தருகிறது. பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அதன்மீது நியாயமான கட்டுப்பாடுகளை 19(2) அனுமதிக்கிறது. ஆகவே எழுதியதை வெளியிடும் முன், அது ஒரு வழக்கத்தைக் கேள்வி கேட்கிறதா, அதைப் பின்பற்றும் மக்களை இழிவுபடுத்துகிறதா என்று பாருங்கள். "இந்தச் சடங்கில் பெண்களுக்கு ஏன் இடமில்லை?" என்பது விமர்சனம், அச்சமூகத்தாரை விலங்கின் பெயரால் அழைப்பது வசை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927-இல் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, இன்று அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக உள்ளது. மத உணர்வைத் திட்டமிட்டு, தீய நோக்குடன் புண்படுத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த நோக்கமில்லாத சொல்லை இப்பிரிவு தண்டிப்பதில்லை என 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பிறர் அனுப்பியதைப் பகிர்வதே எனக்குப் பெருங்கவலை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை, "நேற்று நடந்தது" என்ற குறிப்போடு உடைந்த சிலையின் படம் வந்தது; தேடிப் பார்த்தால் அது பல ஆண்டுகள் பழையது, அதற்குள் மூன்று பேர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எனவே இடம், நாள், படமெடுத்தவர் ஆகிய மூன்றும் தெரியாத படத்தை அனுப்பாதீர்கள். தவறி அனுப்பிவிட்டால், அழிப்பதோடு நிறுத்தாமல், அதே குழுவில் அது பொய்யென்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.