மெனிஸ்கஸ் கிழிவு: அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அறிக்கையைப் படிப்பது எப்படி?

முழங்காலில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொன்னால், அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்பதற்கு முன்பாக, கிழிந்த பகுதி மூட்டில் எந்த வேலையைச் செய்துவந்தது என்பதையும், அறுவைக்குப் பின் அந்த வேலையைச் செய்ய என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

தொடை எலும்பின் அடிமுனை உருண்டையானது. அது அமரும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறத்தாழத் தட்டையானது. இரண்டும் நேரடியாகத் தொட்டால் உடலின் பாரம் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் குவிந்துவிடும். உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக உள்ள மெனிஸ்கஸ்கள் அந்த இடைவெளியில் ஆப்பு வடிவில் அமர்ந்து பாரத்தைப் பரப்புகின்றன. கால் நீட்டியிருக்கும்போது மூட்டின் சுமையில் ஏறத்தாழப் பாதியையும், 90 பாகை மடங்கும்போது சுமார் 85 சதவீதத்தையும் தாங்குபவை இவையே. சுமை ஏறும்போது இந்த ஆப்பு வெளியே பிதுங்க முயலும். விளிம்பை ஒட்டி வளைந்தோடும் கொலாஜன் இழைகள், வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டையைப் போல, அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த இழைகளின் இரு முனைகளும் வேர்களாக எலும்பில் பதிந்திருப்பதால்தான் பிடி நிலைக்கிறது.

ஆகவே அறிக்கையில் முதலில் தேட வேண்டியது கிழிவின் திசை. ‘லாஞ்சிடியூடினல்’ என்று இருந்தால் கிழிவு இழைகளின் போக்கிலேயே செல்கிறது. பெரும்பாலான இழைகள் அறுபடாமல் இருக்கும். ‘ரேடியல்’ என்று இருந்தால் அது இழைகளைக் குறுக்கே வெட்டுகிறது. வெளி விளிம்புவரை எட்டிவிட்டால் பிடி அறுந்துபோகிறது. ‘ரூட் டேர்’ எனப்படும் வேர்க் கிழிவு இன்னும் கவனத்துக்குரியது. உட்புற மெனிஸ்கஸின் பின்வேர் அறுந்தால் அந்தப் பக்க அழுத்தம், மெனிஸ்கஸை முழுவதுமாக அகற்றியதற்கு நிகராக உயர்கிறது என்பதை 2008இல் வெளியான ஆய்வகச் சோதனை காட்டியது. வேரைத் திரும்பப் பிணைத்தபோது அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. ‘எக்ஸ்ட்ரூஷன்’ 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றிருந்தால், மெனிஸ்கஸ் எலும்பின் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கியிருக்கிறது என்று பொருள். வேரைப் பற்றி மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

அடுத்தது இடம். பெரியவர்களின் மெனிஸ்கஸில் வெளி விளிம்பை ஒட்டிய சிறு பகுதிக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. அங்குள்ள கிழிவைத் தைத்தால் ஆறி ஒட்டும் வாய்ப்பு அதிகம், உள் விளிம்பில் குறைவு. வெளிப்புற மெனிஸ்கஸ் என்றால் வெட்டி எடுப்பதில் கூடுதல் தயக்கம் தேவை. அந்தப் பக்கத்தில் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பும் சற்றே குவிந்திருப்பதால், மெனிஸ்கஸ் போனபின் இரு குவிந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. மூட்டின் நடுவே இரு எலும்புகளையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநாரும் (ஏ.சி.எல்.) அறுந்தவர்களுக்கு உட்புற மெனிஸ்கஸின் பின்பகுதி இன்னும் அருமையானது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் அப்போது தடுப்பது அதுவே.

மெனிஸ்கஸை முழுவதுமாக அகற்றுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்த முழங்கால்களில் மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பு தட்டையாவதையும் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபேர்பேங்க் 1948இலேயே எக்ஸ்ரே படங்களில் காட்டினார். முழுதும் எடுத்தால் எலும்புகள் தொடும் பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கி, உச்ச அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகிறது; ஒரு பகுதியை எடுத்தாலும் எடுத்த அளவுக்கேற்ப அழுத்தம் ஏறவே செய்கிறது. நடுவயதில் தேய்மானத்தால் வரும் கிழிவுக்கு வெட்டி எடுப்பது, வெட்டாமல் வெறுமனே செய்த போலி அறுவையைவிடச் சிறந்த பலன் தரவில்லை என்று பின்லாந்தில் நடந்த ஆய்வு 2013இல் காட்டியது. ஆகவே அத்தகைய கிழிவுக்கு முதலில் சில மாதப் பயிற்சியே போதுமா என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. கிழிந்த துண்டு இடையில் புரண்டு, காலை நீட்ட முடியாதபடி மூட்டு பூட்டிக்கொண்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

வெட்டி எடுத்தால் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம், தைத்தால் பல மாதங்கள் ஆகும் என்பதால் பலர் முதலாவதைத் தேர்கிறார்கள். தைக்கக்கூடிய கிழிவாக இருந்தால், குறிப்பாக இளவயதினர், அந்த மாதங்களைக் கொடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தைத்தபின் முதல் 4 முதல் 6 வாரங்களுக்குப் பொதுவாக முழங்காலை 90 பாகைக்கு மேல் மடக்க விடுவதில்லை. வேரைப் பிணைத்திருந்தால் சுமார் 6 வாரங்கள் காலை ஊன்றவும் விடுவதில்லை. குந்துவதும் சம்மணமிடுவதும் மெனிஸ்கஸின் பின்பகுதியை நசுக்குவதால், மருத்துவர் அனுமதிக்கும்வரை, சுமார் நான்கு மாதங்கள், அவற்றை அடியோடு தவிர்க்க வேண்டும். வீட்டில் மேற்கத்தியக் கழிவறை இல்லையென்றால் அறுவைக்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எந்த அறுவையானாலும் முன்தொடைத் தசை விரைவில் மெலிகிறது. அது மெலிந்தால் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி மூட்டுக்கே போகும் என்பதால், பயிற்சியை வலி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது, எந்தப் பகுதி எவ்வளவு எடுக்கப்பட்டது, வெளி விளிம்பு தொடர்ச்சியாக உள்ளதா, எத்தனை தையல்கள் எங்கே போடப்பட்டன என்ற விவரங்களுடன் அறுவைக் குறிப்பை எழுத்தில் வாங்கி, இயன்முறை மருத்துவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.