கலாகா ஆடத் தொடங்குவோருக்கு: முதலில் விரலை எடுக்கப் பழகுங்கள்

பினாங்கில், கொம்தார் கோபுரத்துக்கு அருகே இருந்த ஒரு விளையாட்டு நிலையத்தில்தான் என் பள்ளிப் பருவத்துத் தீபாவளி அங்பாவ் (உறையில் தரும் அன்பளிப்பு) காசெல்லாம் கரைந்தது. கடந்த பள்ளி விடுமுறையில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்காள் மகனுக்கு அதே கலாகா வீடியோ ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தபோது, நான் அன்று செய்த தவற்றையே அவனும் செய்வதைக் கண்டேன். சுடும் பொத்தானை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். இந்த விளக்கம் அந்தப் பழக்கத்தை விடவைப்பதற்காக எழுதப்பட்டது.

ஜப்பானின் நம்கோ நிறுவனம் 1979இல் வெளியிட்ட கேலக்சியன் ஆட்டத்தின் தொடர்ச்சியாக 1981இல் கொண்டுவந்த ஆட்டம் இது. உங்கள் விண்கலம் திரையின் அடியில் இடமும் வலமும் மட்டுமே நகரும். எதிரிகள் மேலே அணிவகுத்து நின்று, ஒவ்வொருவராகவும் கூட்டாகவும் கீழே பாய்வார்கள்.

முதற்படி, திரையைச் சரிசெய்வது. மூல இயந்திரத்தின் திரை நெட்டுவாக்கில் இருந்ததால், அகலமான தொலைக்காட்சியில் இருபுறமும் வெற்றிடம் விழும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதம். தொலைக்காட்சி அமைப்பில் விளையாட்டுக்கென உள்ள நிலையை இயக்கிவிடுங்கள். கைப்பேசித் தொடுதிரையில் ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரலே கலத்தை மறைத்துவிடும்.

இரண்டாவது படிதான் ஆட்டத்தின் உயிர். ஒரே நேரத்தில் உங்கள் குண்டுகளில் இரண்டு மட்டுமே திரையில் இருக்க முடியும். எதிரியைத் தாக்கிய குண்டு உடனே மறைந்து அடுத்ததற்கு இடம்விடும். குறி தவறிய குண்டோ திரையின் உச்சியைத் தாண்டும்வரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அதற்குள் உங்கள் தலைக்கு மேல் வண்டு போன்ற ஓர் எதிரி பாய்ந்து வந்தாலும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பதைத் தவிர நீங்கள் எதுவும் செய்ய இயலாது. புதியவர்கள் இயந்திரம் பழுது என்று எண்ணிச் சலித்துக்கொள்வது இங்கேதான். முதல் கட்டத்தைச் சில முறை, எதிரிக்கு நேர் கீழே வந்த பிறகு மட்டும் சுடுவது என்ற கட்டுப்பாட்டோடு ஆடிப் பாருங்கள்.

அடுத்து, எதிரிகள் உள்ளே வரும் பாதைகளை மனப்பாடம் செய்யுங்கள். நாற்பது எதிரிகளும் எட்டெட்டுப் பேராக ஐந்து தடவை நுழைவார்கள், ஒரு கட்டத்துக்குரிய பாதை ஆடும்தோறும் மாறுவதில்லை. வரிசையாக வரும்போதே பாதிப் பேரை வீழ்த்திவிட்டால் பிறகு பாய்வதற்கு ஆள் குறைந்துவிடும். திரையின் ஓரத்தில் மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள், தப்புவதற்கு ஒரே பக்கம்தான் மிஞ்சும்.

இப்போது இரட்டைக் கலம். அணியின் மேல்வரிசையில் நிற்கும் தலைவனுக்கு இரண்டு அடி தேவை. முதல் அடியில் நிறம் மாறுவான். அவன் பாதிவழி இறங்கி நின்று விரிக்கும் ஒளிக்கற்றைக்குள் நீங்கள் வேண்டுமென்றே போனால், உங்கள் கலத்தைச் சிறைபிடித்துச் சிவப்பாக்கித் தன் பின்னால் வைத்துக்கொள்வான். அவன் அடுத்த முறை கீழே பாயும்போது அவனை மட்டும் சுட்டால் கலம் விடுபட்டு உங்கள் பக்கத்தில் வந்து இணையும், சுடும் வலிமை இரட்டிப்பாகும். ஆகவே அவனை முன்கூட்டியே ஒருமுறை அடித்து நிறம் மாற்றிவிட்டுப் பிடிபடுங்கள். பிறகு ஒரே குண்டு போதும். அந்த ஒரு குண்டோடு விரலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டாவது குண்டு, அவனுக்குப் பின்னால் வரும் உங்கள் சொந்தக் கலத்தையே அழித்துவிடும். என் மருமகன் நான்கு தடவை அப்படித்தான் அழித்தான். "மாமா, நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்" என்று நான்கு தடவையும் சாதித்தான்.

இந்த ஏற்பாட்டை எத்தனை முறை கண்டாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை, அதே அளவு எரிச்சலும் தீர்வதில்லை. இரட்டைக் கலம் இருமடங்கு அகலமானது. ஒற்றைக் கலம் நழுவிச் சென்ற இடைவெளியில் அது இடித்துக்கொள்ளும். பாடுபட்டு மீட்ட பாதியைச் சில விநாடிகளில் இழப்பது சாதாரணம்.

மூன்றாவது கட்டமும் அதன்பின் ஒவ்வொரு நான்காவது கட்டமும் சவால் கட்டங்கள். அங்கே எதிரிகள் சுடுவதில்லை. நாற்பதையும் வீழ்த்தினால் 10,000 புள்ளிகள் கிடைக்கும். இரட்டைக் கலத்தோடு அங்கே போய்ச் சேர்வதையே முதல் வார இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையிருப்பில் வேறு கலம் இல்லாதபோது ஒளிக்கற்றையின் பக்கமே போகாதீர்கள். கடைசிக் கலம் பிடிபட்டால் அதை மீட்க ஆளில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.