தங்கத்தின் 4.9 எலக்ட்ரான்வோல்ட் ஒத்ததிர்வு: கையால் ஒரு கணக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். இரவு ஒன்பதுக்கு மேல் அரவம் அடங்கிவிடும். தங்கக் கரு ஒரு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு, நியூட்ரானின் ஆற்றல் 4.9 எலக்ட்ரான்வோல்ட்டை நெருங்கும்போது திடீரென உயர்கிறது; அதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர். அது எவ்வளவு உயர்கிறது என்று கணக்குப் போட்டுப் பழகியது அந்த நேரத்தில்தான். பைதான் போதும். என்ஜாய் (NJOY), சாமி (SAMMY) போன்ற பெரிய அணுக்கருத் தரவு நிரல்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். கையால் ஒரு ஒத்ததிர்வைப் போட்டுப் பார்க்காதவருக்கு அவை தரும் எண் சரியா தவறா என்றே தெரியாது.

ஏன் தங்கம்? இங்கே பாங்கியில் 1982 முதல் இயங்கும் ட்ரிகா போன்ற ஆய்வு உலைகளில் நியூட்ரான் பாயத்தை (ஒரு பரப்பை நொடிக்கு எத்தனை நியூட்ரான்கள் கடக்கின்றன என்பதை) அளக்கத் தங்கத் தகடு வைப்பார்கள். இயற்கையில் அதற்கு ஒரே ஐசோடோப்புதான். 4.9 எலக்ட்ரான்வோல்ட்டில் நிற்கும் ஒத்ததிர்வுக்கு அருகில் வேறொன்றும் இல்லை. அடுத்தது 40-ஐத் தாண்டித்தான்.

படி 1. ஒத்ததிர்வு எவ்வளவு அகன்றது என்பதை இரண்டு பங்காகச் சொல்வார்கள்: கரு நியூட்ரானைத் திருப்பி விடும் பங்கு, காமா கதிர் விட்டு அதைப் பிடித்துக்கொள்ளும் பங்கு. நியூட்ரான் அகலம் சுமார் 0.015, காமா அகலம் 0.124, மொத்தம் 0.139 எலக்ட்ரான்வோல்ட்.

படி 2. 2,608,000 என்ற மாறிலியை 4.9-ஆல் வகுத்து, g என்ற எண்ணால் (படி 3-இல் வரும்) பெருக்கி, நியூட்ரான் அகலம் மொத்தத்தில் எத்தனை பங்கோ அதாலும் பெருக்கினால் ஒத்ததிர்வின் உச்சி பார்னில் (நியூட்ரானுக்குக் கரு காட்டும் பரப்பின் அலகு) வரும்: ஏறக்குறைய 35,900. காமா அகலத்தின் பங்காலும் பெருக்கினால் பிடிப்பு மட்டும், 32,000.

படி 3. அந்த g என்ன? நான் சறுக்கிய இடம் இதுதான். தங்கக் கருவின் தற்சுழற்சி 3/2, அதற்கு 4 நிலைகள், நியூட்ரானுக்கு 2. சேர்ந்து 8. இந்த ஒத்ததிர்வின் J (மொத்தத் தற்சுழற்சி) மதிப்பு 2, அதற்கு உரியவை 5 மட்டுமே. ஆகவே g = 5/8. நான் இதை விட்டுவிட்டு, இரண்டு இரவு நிரலில் பிழை தேடினேன்.

படி 4. சரிபார்ப்பு. ஒத்ததிர்வின் வடிவத்தைத் தரும் பிரைட்-விக்னர் வாய்பாட்டில் 0.0253 எலக்ட்ரான்வோல்ட்டை (அறை வெப்பநிலை நியூட்ரானின் ஆற்றல்) போட்டுப் பிடிப்பைக் கணக்கிடுங்கள். 91 பார்ன் அளவில் வரவேண்டும். g-ஐ விட்டால் 145. அளந்த மதிப்பு சுமார் 98.7. குறைகிற அந்தச் சில பார்ன்களை மற்ற ஒத்ததிர்வுகள் தருகின்றன, எதிர்மறை ஆற்றலில் இருப்பவையும் சேர்த்து. ஒரே ஒரு ஒத்ததிர்வு இவ்வளவு நெருங்கி வருவதைத் திரையில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

படி 5. அறை வெப்பநிலையில் டாப்ளர் விளைவால் (தங்க அணுக்களின் வெப்ப அசைவால்) உச்சி ஆறில் ஒரு பங்கு தாழும். வளைவின் கீழுள்ள பரப்பு மாறாது.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்குப் படி 4-இல் 91-க்குப் பதில் 113 வந்தது. அவர் எடுத்த அட்டவணையில் இருந்தது 2g-ஆல் பெருக்கிய நியூட்ரான் அகலம். எந்த அட்டவணையானாலும் தலைப்பு வரியை முதலில் படியுங்கள்.

இன்னொருவருக்கு ENDF கோப்பை (ஒத்ததிர்வு எண்கள் கிடைக்கும் அணுக்கருத் தரவுக் கோப்பு) பைதான் படிக்கவில்லை. அதில் எண்கள் 4.906000+0 என்று, நடுவில் e இல்லாமல் இருக்கும். கூட்டல், கழித்தல் குறிக்கு முன்னால் e சேர்த்தால் சரி. ஆனால் வரும் முதல் எழுத்தே கழித்தல் குறி என்றால் அதைத் தொடாதீர்கள். ஒத்ததிர்வு ஆற்றல் வரும் பத்தியில் அது இருந்தால், மேலே சொன்ன எதிர்மறை ஆற்றல் ஒத்ததிர்வு அதுதான்.