கடலூர் மாவட்டத்தில் உங்கள் நிலம் என்ன மண்? நீங்களே பார்த்துவிடலாம்

பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் நிற்பது செம்மண்ணில். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் போய் இறங்கினால் காலில் ஒட்டுவது களி. ஒரே மாவட்டம்தான். அதனால் உறவுக்காரர் போட்ட பயிரையே நாமும் போடுவதற்கு முன் நம் மண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

1. மண்டலத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் வேளாண் காலநிலை மண்டலங்கள் 7. கடலூரின் பெரும்பகுதி வடகிழக்கு மண்டலம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் காவிரி டெல்டா. டெல்டாவில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வரும் தண்ணீர் கைகொடுக்கும். பண்ருட்டிப் பக்கம் போர்வெல்லும் வானமும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

2. கையில் உருட்டிப் பாருங்கள்

ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து திரியாக உருட்டுங்கள். உதிர்ந்தால் மணல். குட்டைத் திரியாகி உடைந்தால் வண்டல் கலந்த மண். நீளத் திரியாகி வளையமாகவும் வளைந்தால் களி. களியில் நெல் நிற்கும். நிலக்கடலை பிடுங்கும்போது காய் பாதி மண்ணிலேயே தங்கிவிடும்.

3. மாதிரி எடுங்கள்

எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. அறுவடை முடிந்து, அடுத்த எரு போடுமுன் எடுங்கள். வரப்போரம், மர நிழல், எரு குவித்த இடம் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10, 15 இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, மண்வெட்டியால் 'வி' வடிவில் வெட்டுங்கள். நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். வெட்டிய குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் செதுக்கி, பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். முந்திரி, பலா வைப்பதாக இருந்தால் 1, 2, 3 அடி ஆழங்களில் தனித்தனி மாதிரி வேண்டும்.

எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்யுங்கள். நிழலில் காயவைத்துத் துணிப்பையில் போடுங்கள். யூரியா சாக்கு மட்டும் கூடவே கூடாது. இல்லாத தழைச்சத்து ரிசல்ட்டில் வந்து நிற்கும்.

4. ரிசல்ட்டைப் படியுங்கள்

வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். முதலில் கார அமில நிலை (pH). 8.5-க்கு மேல் என்றால் களர், அதாவது காரம் மிகுந்த மண்; அதைச் சரிசெய்ய ஜிப்சம் எவ்வளவு போடுவது என்று அங்கேயே கேளுங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை மாதிரிக் கடலோரத்தில் உப்பின் அளவையும் கட்டாயம் பாருங்கள்.

5. நெய்வேலி பக்கமா?

1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது தலைகாட்டியது பழுப்பு நிலக்கரி. அதற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். அதனால் அங்கே நிலம் வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்து போர்கள் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.